பன்றிக்கு இன்னொரு பெயர்

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு நினைவிருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று. பலர் முன்னால் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொன்னால் இடக்கரடக்கல். செத்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்றால் மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டால் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், கள் குடிப்பவர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்போம். 'சேத்துமான்' என்ற சொல்லை இந்த மூன்றில் எதில் சேர்ப்பது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சேற்றில் புரளும் மான், சேத்துமான். அதாவது பன்றி. பன்றி மேய்ப்பவருக்கு இந்தச் சொல் தேவையில்லை. அவர் பன்னி என்றே சொல்லிவிட்டுப் போவார். பன்றிக் கறி தின்ன ஆசைப்பட்டு, தின்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவருக்குத்தான் மான் வேண்டியிருக்கிறது. இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து வந்த தமிழ்ப் படத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். படம் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அது நம் ஊர்ப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் தாமதமாக எழுதுவதில் குற்றமில்லை.

'சேத்துமான்' தமிழ் என்ற இயக்குநரின் முதல் படம். அதே ஆண்டு 'டாணாக்காரன்' எடுத்த தமிழ் வேறு, இவர் வேறு. பெருமாள்முருகனின் 'வறுகறி' என்ற சிறுகதையிலிருந்து எடுத்தது. பா. இரஞ்சித்தின் நீலம் புரொடக்சன்ஸ் தயாரித்தது. பெயர் பெற்ற நடிகர் எவரும் இல்லை. சண்டைப் பயிற்சியாளர் வடிவமைத்த சண்டையும் வெளிநாட்டுப் பாட்டும் இல்லை. சிறிய செலவில் எடுத்த படம் 2022 மே 27 அன்று திரையரங்குக்கு வராமல் நேரே சோனி லிவ் செயலியில் வெளியானது. பிந்து மாலினி இசை. தாத்தா பூச்சியப்பனாக மாணிக்கம், பேரன் குமரேசனாகச் சிறுவன் அஸ்வின், பண்ணையம் வைத்திருக்கும் வெள்ளையனாகப் பிரசன்னா பாலச்சந்திரன் நடித்திருக்கிறார்கள்.

கதை பெரிதில்லை. மாட்டிறைச்சியைக் காரணம் காட்டி நடந்த சாதி வெறியாட்டத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவன் குமரேசன். அந்த ஊரை விட்டுப் பேரனைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வந்து, கூடை முடைந்தும் வெள்ளையன் பண்ணையத்தில் வேலை பார்த்தும் வாழ்கிறார் பூச்சியப்பன். பேரனைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இல்லை. வெள்ளையனுக்குப் பன்றிக் கறி மீது தீராத ஆசை. வீட்டில் மனைவிக்கு அது பிடிக்காது, ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும். ஒரு முழுப் பன்றியை ஒருவர் வாங்கித் தின்ன முடியாது. பங்குக்கு ஆள் சேர்க்க வேண்டும், பன்றி வளர்க்கும் ரங்கனிடம் விலை பேச வேண்டும், அறுத்துக் கூறு போட வேண்டும். இதற்கெல்லாம் ஓடுகிறவர் பூச்சியப்பன். கறி விருந்துக்கான இந்த ஏற்பாடுதான் ஏறக்குறைய முழுப் படமும். இடையில் வெள்ளையனுக்கும் அவருடைய உறவுக்காரர் ஒருவருக்கும் உள்ள பகை உள்ளே வந்து சேர்கிறது. முடிவை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பகைக்கும் பூச்சியப்பனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கதை நடப்பது கொங்குப் பகுதியில். ஆனால் படத்தில் வரும் கறி ஏற்பாட்டைப் பார்த்தால் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்காரர்கள் எவரும் வேற்றூர் விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். நம் பக்கமும் பன்றிக் கறி வீட்டுச் சட்டியில் வேகாது. கிணற்று மேட்டிலோ தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ தனிச் சட்டியில் வேகும். அந்தச் சட்டி திரும்ப வீட்டுக்குள் போகாது. கேட்டால் மூலத்துக்கு நல்லது என்பார்கள். ஊரில் இத்தனை பேருக்கு மூலம் இருக்கிறதா என்று நானும் வியந்ததுண்டு. மருந்து என்ற சொல்லும் ஒரு சேத்துமான்தான். தின்பவர் நோயாளி ஆகிவிட்டால் தீட்டு விலகிவிடுகிறது.

அந்தச் சட்டிக்குக் கறி வந்து சேரும் வழியைப் பாருங்கள். பன்றியைப் பிடிப்பவர் ஒருவர். கட்டித் தூக்கி வருபவர், தீயில் வாட்டி மயிர் போகச் சுரண்டுபவர், குடலை அலசுபவர், எடை பார்த்துக் கூறு வைப்பவர் எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். கூறு எடுத்துப் போகிறவர்கள் வேறு தெருக்காரர்கள். வேலை செய்தவர்களுக்குக் கூலியாக ஒரு கூறும் பன்றித் தலையும் கிடைக்கலாம். கூடவே பன்னி தின்கிறவர்கள் என்ற பெயரும் அவர்களோடுதான் தங்கிவிடும். கறி நாலு தெருவுக்கும் போனாலும் பழி ஒரு தெருவில்தான் நிற்கும். படம் இதைச் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையில் கத்தி, யார் முன்னால் இலை என்று காட்டிக்கொண்டே போகிறது.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு விருந்தைச் சொல்கிறார். நெல்லை இடித்த மாவைத் தீனியாகக் கொடுத்து, பெண் பன்றியோடு சேர விடாமல் பல நாள் குழியில் நிறுத்திக் கொழுக்க வைத்த குட்டைக் கால் ஆண் பன்றி. அதன் கொழுத்த கறியைக் கள்ளோடு பெறுவீர்கள் என்று வழிப்போக்கனான பாணனுக்குச் சொல்லப்படுகிறது. அங்கே பன்றிக்கு மறைபெயர் இல்லை, மூல நோயும் இல்லை. வந்தவனுக்கு நல்ல கறி வைப்பது விருந்தோம்பல், அவ்வளவுதான். சங்க இலக்கியத்தை நம் பெருமை என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த வரிகளின் பக்கம் வருவதில்லை. பாடத்திட்டக் குழுக்களுக்கும் இந்தப் பகுதி அவ்வளவாகப் பிடிப்பதில்லை போலும்.

இடையில் என்ன நடந்தது என்பதை அம்பேத்கர் தம் வாழ்நாளில் பலமுறை ஆராய்ந்தார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதார் பற்றிய நூலில், உணவை வைத்து ஒரு மக்கள் கூட்டம் ஒதுக்கப்பட்டதன் வரலாற்றைத் தேடினார். மாட்டிறைச்சி உண்பது எப்போது இழிவானது, ஏன் சிலர் மீது மட்டும் அந்த இழிவு நிலைத்தது என்பது அவருடைய கேள்வி. அவர் எழுதி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜார் மாவட்டத்தில் துலீனா காவல் சாவடி அருகே, பசுவைக் கொன்றதாகப் பரவிய வதந்தியில் தலித்துகள் 5 பேர் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள். குமரேசனின் பெற்றோருக்கு நேர்ந்தது கற்பனை. ஆனால் அது ஆதாரமில்லாத கற்பனை இல்லை.

பன்றிக்கும் மாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாட்டுக் கறியை வைத்து நம்மை அடிப்பவர், தான் அதைத் தொடுவதில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். வெள்ளையன் அப்படிச் சொல்ல முடியாது. அவர் தின்கிறார், ருசித்துத் தின்கிறார், அதற்காக அலைகிறார். ஒரே கறியை இரண்டு பேரும் தின்றால் நடுவில் உள்ள கோடு கொஞ்சமாவது அழிய வேண்டுமே என்று நாம் எதிர்பார்ப்போம். நகரத்தில் படித்தவர்கள் சிலர் இப்படித்தான் பேசுகிறார்கள்: எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் சாதி போய்விடும் என்று. படம் இந்த நம்பிக்கையை எடுத்து வைத்துப் பொறுமையாகச் சோதிக்கிறது. வெள்ளையனின் நாக்கு கோட்டைத் தாண்டுகிறது. வெள்ளையன் தாண்டவில்லை. பூச்சியப்பன் மீது அவருக்கு ஒருவகைப் பிரியம்கூட இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு வரும் ஆளிடம் இருக்கும் பிரியம். அந்தப் பிரியம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் கதை.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். சத்துணவுச் சமையலராக மாற்றலாகி வந்த பெண் தலித் என்பதற்காக, அவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியில் தகராறு செய்தார்கள். அவரை இடமாற்றம் செய்து ஆணை போட்ட அதிகாரி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பெண் சமைக்க இருந்தது பன்றிக் கறியோ மாட்டுக் கறியோ அல்ல. சோறும் பருப்பும் முட்டையும். எல்லா வீட்டிலும் தின்னும் அதே சோறு. ஆக, இலையில் என்ன இருக்கிறது என்பது ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. அதே கொங்குப் பகுதிக் கதையான இந்தப் படத்தைப் பார்த்தபோது, ரகசியமாகக் கறிக்கு நீளும் கையையும் பகிரங்கமாகச் சோற்றைத் தள்ளும் கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்து மாணவர்கள் சிலரோடு ஒரு லேப்டாப்பில் இந்தப் படத்தைப் பார்த்தேன். முடிந்ததும் பெரும்பாலோருக்குக் கோபம், அதுவும் பூச்சியப்பன் மீது. ஏன் இப்படிக் குனிந்தே நிற்கிறார், ஒருமுறையாவது எதிர்த்துப் பேசக் கூடாதா, இப்போது எந்த ஊரில் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். 'கர்ணன்' பார்த்து வளர்ந்த பிள்ளைகள். வாளை எடுக்கும் நாயகனைத் திரையில் பார்த்துவிட்டவர்களுக்குப் பூச்சியப்பன் ஏமாற்றமாகத்தான் இருப்பார்.

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சியப்பன் கோழை இல்லை, கணக்குப் போடுகிறவர். மகனையும் மருமகளையும் ஒரு கும்பலுக்குப் பறிகொடுத்தவர். கையில் நிலம் இல்லை, இருக்கும் ஊரும் வந்து ஒட்டிக்கொண்ட ஊர். ஒரு சொல் கூடினால் பேரனின் படிப்பு நின்றுவிடும். அந்தப் பையன் பள்ளி முடிக்கும் வரை எந்த வம்பும் வரக் கூடாது என்பதற்காக அவர் தினமும் கொஞ்சம் விழுங்குகிறார். நம் தாத்தாக்களில் எத்தனை பேர் இப்படி விழுங்கியதால் நாம் கல்லூரிப் படி ஏறினோம் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும். கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்டுப் புகையில் நின்றவர்கள், மானாவாரிக் காட்டில் அடுத்தவர் மிளகாய்க்குக் கூலிக்குப் போனவர்கள், கூலி குறைந்தாலும் வாய் திறக்காமல் வாங்கி வந்தவர்கள். அவர்கள் எதிர்க்கவில்லை என்று நாம் இன்று வருத்தப்படலாம். வெட்கப்பட எதுவும் இல்லை.

படத்தில் எதிர்த்து நிற்பவரே இல்லை என்பதும் சரியில்லை. ரங்கன் இருக்கிறார். பன்றி அவருடையது. விலையையும் அவர்தான் சொல்வார். பண்ணையக்காரர் கேட்கிறார் என்பதற்காக உருகிப் போகிற ஆள் இல்லை. பூச்சியப்பனுக்கும் ரங்கனுக்கும் உள்ள வேறுபாட்டை வீரம், பயம் என்று பிரிக்க வேண்டியதில்லை. ரங்கனிடம் விற்பதற்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது. பூச்சியப்பனிடம் உழைப்பு மட்டும் இருக்கிறது, அதையும் ஒருவரிடமே விற்க வேண்டியிருக்கிறது. பொருளாதாரம் படிக்கும் மாணவர் எவரேனும் இந்த இரண்டு பேரையும் வைத்து ஒரு கட்டுரை எழுதினால் நன்றாக இருக்கும்.

மராத்தியில் நாக்ராஜ் மஞ்சுளே எடுத்த முதல் முழுநீளப் படம் 'ஃபன்றி'. 2013இல் திரைவிழாக்களுக்கும் அடுத்த ஆண்டு திரையரங்குகளுக்கும் வந்தது. கைக்காடி சமூகத்துச் சிறுவன் ஜப்யா, கூடப் படிக்கும் பெண்ணின் கண் முன்னால் குடும்பத்தோடு பன்றி துரத்த நேர்கிறது. ஊரே வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. கடைசியில் அவன் எறியும் கல் நேராகக் கேமராவை நோக்கி, அதாவது நம்மை நோக்கி வருகிறது. ஃபன்றி என்றால் கைக்காடி மொழியில் பன்றி. கேட்டதும் நமக்கு விளங்கிவிடுகிறது, ஏனென்றால் கைக்காடி தமிழுக்கு உறவான திராவிட மொழி. மராட்டிய நாட்டுக் கிராமத்தில் ஒரு சிறுவனைக் கேலி செய்யக் கூவும் சொல் நம் வீட்டுச் சொல்லாக இருக்கிறது. மஞ்சுளே மறைபெயர் வைக்கவில்லை, வசைச் சொல்லையே தலைப்பாக்கினார். தமிழ் மறைபெயரைத் தலைப்பாக்கி, அதை மறைப்பவர்கள் யார் என்று காட்டினார். ஜப்யா கல்லெறிகிறான், பூச்சியப்பன் எறியவில்லை. குமரேசன் வளர்ந்து என்ன செய்வான் என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது.

கதை நடக்கும் காலம் 2017. ராம்நாத் கோவிந்த் நாட்டின் 14ஆவது குடியரசுத் தலைவராகும் செய்தி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தலித் ஒருவர் குடியரசுத் தலைவர் ஆகிறார் என்று அங்கே பேச்சு, இங்கே பன்றிக்குப் பங்கு சேர்க்க ஒரு கிழவரின் ஓட்டம். சில விமர்சகர்களுக்கு இந்த ஒப்பீடு செயற்கையாகப் பட்டது. நம் பக்கத்துக்காரர்களுக்கு அப்படிப் படாது. 1997 ஜூன் 30 அன்று மேலூர் அருகே மேலவளவில், தனித் தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு 5 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அடுத்த 25ஆம் நாள், ஜூலை 25 அன்று, கே.ஆர். நாராயணன் முதல் தலித் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். நம் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலில், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போலவே, ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு முறையாகத் தேர்தல் நடத்திப் பதவியில் இருக்க வைக்க 2006 வரை ஆயிற்று. டில்லியில் தலைவராவது கொட்டக்கச்சியேந்தலில் தலைவராவதை விட எளிதாக இருந்த பத்து ஆண்டுகள் அவை. இயக்குநர் செயற்கையாக எதையும் ஒட்ட வைக்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார்.

குறைகள் இருக்கின்றன. படத்தில் பெண் என்று நினைவில் நிற்பவர் வெள்ளையனின் மனைவி மட்டுமே. அவருடைய வசவுகளுக்கு நாம் சிரிக்கிறோம். ஆனால் அவரும் அந்த வீட்டில் என்ன அனுபவிக்கிறார் என்று படம் நின்று பார்க்கவில்லை. குமரேசனின் தாய் இறந்த தாயாகத்தான் இருக்கிறார். இத்தனை கறி, இத்தனை சமையல் பற்றிய படத்தில், ஒடுக்கப்பட்ட வீட்டு அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணின் குரல் இல்லாதது எனக்குப் பெரிய குறை. மராத்தியில் சாகு பாட்டோளே மராத்வாடா தலித் வீட்டு அடுப்புகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எண்ணெயும் மசாலாவும் வாங்க வழியில்லாத வீடுகளில் எந்தக் கறியை எப்படிப் பக்குவம் செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. தமிழில் அப்படி ஒரு நூலுக்கான வேலை நம் அம்மாக்களிடமும் ஆச்சிகளிடமும் காத்திருக்கிறது. இன்னொன்று, சில காட்சிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. மெதுவாகப் போவதே நல்ல படம் என்ற எண்ணம் நம் புது இயக்குநர்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. 

குறைந்த செலவில் எடுத்தது என்பதை ஒரு சலுகையாகச் சொல்லி இந்தப் படத்தைப் பாராட்ட வேண்டாம். செலவு குறைந்ததால்தான் இதை எடுக்க முடிந்தது. பெரிய முதலீடு போட்டிருந்தால் முதலில் பூச்சியப்பன் இளைஞனாகியிருப்பார். அடுத்து பன்றி ஆடாகியிருக்கும். குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லியிருப்பார்கள். கடைசியில் ஒரு அடிதடியில் எல்லாம் சரியாகியிருக்கும். பெரிய பணம் இடக்கரடக்கல் இல்லாமல் பேசாது. முகம் தெரியாத நடிகர்களும் உண்மையான காடு மேடும் இயற்கை வெளிச்சமும் போதும் என்று முடிவெடுத்ததால்தான், பன்றியைப் பன்றியாகவும் சாதியைச் சாதியாகவும் காட்ட முடிந்தது. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்'லும் இப்படித்தான். மேலூர் அரிட்டாபட்டிப் பக்கத்து வெயிலையும் ஒரு அப்பன், மகனின் நடையையும் வைத்து எடுத்த படம் 2021இல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. நமக்கு மேலூர் ஒரு பேருந்துப் பயணத் தூரம். ராட்டர்டாமில் பார்த்த படத்தை நம் ஆட்கள் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் செயலியில்தான், சந்தா கட்டினால்தான்.

என்னை உறுத்துவது இதுதான். பூச்சியப்பன் போன்றவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. சந்தா கட்டும் வழக்கம் அவர்களுக்கு இல்லை, திரையரங்குக்கும் படம் வரவில்லை. நம்மைப் பற்றிய படம் நமக்கு வந்து சேராமல், நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் நகரத்தாருக்குப் போய்ச் சேர்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடும் திட்டம் நடக்கிறது. சாப்ளினின் படமெல்லாம் கிராமத்துப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், மகிழ்ச்சி. 'சேத்துமான்' சிறு பிள்ளைகளுக்கான படம் இல்லை. முடிவில் வன்முறை இருக்கிறது. ஆனால் மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் ஏற்றது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவது முதல் பல பரிந்துரைகள் அதில் உண்டு. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் வரவேற்கிறேன். வசைச் சொல் போனால் நல்லதுதான். அதோடு, போன சொல்லின் இடத்தில் என்ன மறைபெயர் வந்து உட்காருகிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊருக்குள் 'அந்தத் தெரு', 'அவங்க பக்கம்' என்ற பேச்சு எந்த ஆவணத்திலும் இல்லை.

படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கும் கல்லூரித் தமிழ்த் துறை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதி முறையாக அனுமதி கேளுங்கள். ஒரு வெள்ளைச் சுவரும் புரொஜெக்டரும் ஒரு மாலைப் பொழுதும் போதும். பெண்கள் வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆண்கள் மட்டும் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். முதியவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் மாணவர்கள் பூச்சியப்பனைத் திட்ட ஆரம்பிப்பார்கள். அப்போது அந்த முன் வரிசையைப் பேச விடுங்கள். இலக்கிய மாணவர்கள் முந்தின வாரமே 'வறுகறி' கதையைப் படித்துவிட்டு வரட்டும். கதையில் இல்லாமல் படத்தில் சேர்ந்தவை எவை, ஏன் சேர்த்தார்கள் என்று நாலு பக்கம் எழுதட்டும். நன்றாக வந்த கட்டுரையை எனக்கு அனுப்பி வைத்தால் இந்தப் பகுதியிலேயே போடச் சொல்கிறேன்.